நடைவண்டியும் பாசிமணிக் குரோமோசோமும்

அத்தான்,

கூடத்து மூலையில் ஒரு நடைவண்டி நிற்கிறது. புதுசு. அரக்குச் சாயத்தின் வாடை வீடு முழுக்கப் பரவி, காலையில் குடித்த காப்பியில்கூட அதுதான் மணத்தது. உங்கள் மகன் சேகர் நேற்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் வசந்தியின் குழந்தைக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால் இவன் இப்போதே வெளிறிப்போய்க் கிடக்கிறான். குழந்தை அழுவதற்கு முன்னால் இவன் அழுதுவிடுவான், எழுதித் தருகிறேன்.

பெண் குழந்தைக்கு நடைவண்டியாடா என்று அவன் வாயைக் கிண்டிப் பார்த்தேன். "வசந்திக்குத்தான் நீங்க வாங்கிக் குடுக்கல மாமா, அவ மகளுக்காவது குடுப்போம்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு வந்ததே எரிச்சல். அவன் மேல் இல்லை, உங்கள் மேல். செத்தவர் மேல் கோபப்படக் கூடாதுதான். உயிரோடு இருந்தபோதே முடித்துக் கொடுத்திருக்க வேண்டிய சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனால் நான் என்ன செய்வது?

இதை வேறு யாராவது எடுத்துப் படித்தால் உங்களைத்தான் பெரிய ஆள் என்று நினைத்துவிடுவார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் என் அக்காவைக் கட்டியவர், நெடுங்காட்டில் நிலம், உயர்நிலைப் பள்ளியில் இயற்கை விஞ்ஞான வாத்தியார். நான் காரைக்காலிலிருந்து பட்டினச்சேரிக் கடற்கரைக்கு ஐஸ் வண்டி ஓட்டியவன். படிப்பிலும் நான் சளைத்தவன் இல்லை. எட்டாம் வகுப்பை இரண்டு ஆட்சியில் படித்தவன். பிரெஞ்சுக்காரன் இருந்தபோது ஒருமுறை, அவன் மூட்டை கட்டிய பிறகு ஒருமுறை. இரண்டு அரசாங்கங்கள் மாறி மாறி முயன்றும் என்னை ஒன்பதுக்கு அனுப்ப முடியவில்லை. இந்தப் பெருமை ஊரில் வேறு எவனுக்கு உண்டு? சொன்னால் சிரிப்பீர்கள். "நீங்க சொல்றதுல பாதியக் கழிச்சுட்டுத்தான் காதுல வாங்கணும் மாப்ளே" என்பீர்கள். கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்தது.

நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன், யார் இல்லை என்றது? உப்புப் போடாத குழம்பை எவன் தின்பான்? ஆனால் ஆயுளில் ஒரே ஒரு விஷயத்தைத் துளி உப்பில்லாமல் உங்களிடம் சொன்னேன். அதையும் பாதி கழித்துவிட்டீர்களே, அதுதான் என் ஆத்திரம்.

எல்லாம் அந்தப் பாசிமணியில் ஆரம்பித்தது. கோடை விடுமுறையில் வாத்தியார்களுக்குப் பாண்டிச்சேரியில் ஏதோ பயிற்சி வைத்தார்கள். போகும்போது சாதாரண மனிதராகப் போனீர்கள். வரும்போது கையில் இரண்டு மணிச்சரம். சிவப்புச் சரம் நீளம், பச்சைச் சரம் குட்டை. வகுப்பில் காட்டுவதற்காக நீங்களே கோத்தது. நீளமானது எக்ஸ் குரோமோசோம், குட்டையானது ஒய். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரு எக்ஸ் ஒரு ஒய். இதோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. இந்தச் சரத்தில்தான் மனிதனுடைய சுபாவமும் கோத்திருக்கிறது என்று தொடங்கினீர்கள். ஆண் ஏன் சண்டை போடுகிறான், பெண் ஏன் குழந்தையைக் கொஞ்சுகிறாள், ஆணுக்கு ஏன் கணக்கு வருகிறது, பெண்ணுக்கு ஏன் பேச்சு வருகிறது, எல்லாவற்றுக்கும் அந்த மணிதான் பதில். சேவல் கொத்தினால் ஒய். கோழி அடை காத்தால் எக்ஸ். கோழிக்கு எக்ஸ், ஒய்யே கிடையாது, அதற்கு வேறு கணக்கு என்று வசந்தி வளர்ந்த பிறகு என்னிடம் சொன்னாள். அன்றைக்கு அது தெரிந்திருந்தால் உங்களை அங்கேயே மடக்கியிருப்பேன்.

அக்கா அந்தப் பச்சைச் சரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "இந்தத் துக்குணூண்டுக்குத்தானா இவ்வளவு அலட்டல்?" நீங்கள் காதில் விழாத மாதிரி அதை வாங்கி நாட்காட்டிக்குக் கீழே ஆணியில் மாட்டினீர்கள். பெண்ணுக்குத் தாய்மை சுரப்பியிலேயே ஊறியது என்று இன்னொரு நாள் விளக்கினீர்கள். "அப்ப நான் தூங்காம தொட்டில ஆட்டுறப்ப ஒங்க சுரப்பி மட்டும் ஏன் கொறட்டை விடுது?" என்றாள். அதற்கும் உங்களிடம் பதில் இருந்தது. உங்களிடம் எதற்குத்தான் பதில் இல்லை.

மாடு விஷயத்தில் மட்டும் நான் மாட்டிக்கொண்டேன். "காளைக்குக் காயடிச்சா சாதுவாப் போவுதா இல்லியா மாப்ளே? அப்ப கொணம் ஒடம்புலதானே இருக்கு?" என்று கேட்டீர்கள். நெடுங்காட்டு வயலில் கண்ணால் பார்த்த சங்கதி, மறுக்க முடியவில்லை. சரி, காளை கணக்குப் போடுமா என்று கேட்டேன். குதர்க்கம் என்றீர்கள். உங்கள் காளைக் கேள்விக்கு இன்றைக்கு வரைக்கும் நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை, போகட்டும்.

சேகரும் வசந்தியும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தது உங்களுக்கு லட்டு மாதிரி ஆகிவிட்டது. ஒரே வயிறு, ஒரே பால், ஒரே வீடு. இனி இரண்டுக்கும் குணத்தில் என்ன வித்தியாசம் வந்தாலும் அது பிறப்பிலேயே வந்தது, வளர்ப்பு இல்லை என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். ஊரிலேயே பெரிய சோதனைச்சாலை உங்கள் வீடுதான் என்ற நினைப்பு.

அந்தச் சோதனைச்சாலைக்குள் தாய்மாமன் என்று ஒருவன் சீர்த் தட்டோடு நுழைந்தான் பாருங்கள், அவன் உங்கள் கணக்கிலேயே வரவில்லை. முதல் பிறந்தநாளுக்கு நான் கொண்டுவந்த நடைவண்டி என்ன சாதாரண வண்டியா? கும்பகோணத்தில் சொல்லி வைத்துச் செய்தது. செய்து கொடுத்த ஆசாரி அதைப் பிரிய மனமில்லாமல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்தார். அதை சேகர் கையில் பிடித்துக் கொடுத்தேன். வசந்திக்கு மரச்செப்பு. அடுப்பு, பானை, அம்மி, குழவி என்று தாம்பாளம் கொள்ளவில்லை. அதை அவள் மடியில் வைத்தேன். ஊர் வழக்கம் அதுதானே. பையனுக்கு வண்டி, பெண்ணுக்குச் செப்பு.

சாயங்காலம் நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறீர்கள். பையனுக்குப் பக்கத்தில் வண்டி நிற்கிறது, பெண் செப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா, யாரும் சொல்லிக் குடுக்காமலே தேர்ந்தெடுத்திருக்குங்க" என்றீர்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமலா? கும்பகோணத்திலிருந்து தூக்கிச் சுமந்து, ஆளுக்கொன்றாகக் கையில் திணித்தது நான். பேரைத் தட்டிக்கொண்டு போனது குரோமோசோம். இதைவிட அநியாயம் உண்டா?

இப்போது அந்த உப்பில்லாத விஷயம். அன்று பகல் முழுக்க நான் அங்கே இருந்தேன், நீங்கள் இல்லை. சேகர் அந்த வண்டியைத் தொடவே இல்லை. சக்கரம் கடகடவென்று உருண்டதும் அலறினான். செப்புக் குழவியை வாயில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டான். வசந்திதான் வண்டியைப் பிடித்து எழுந்தாள். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளினாள், சுவரில் முட்டி விழுந்தாள், எழுந்தாள், திரும்பவும் தள்ளினாள். அக்காதான் கடைசியில் பிடுங்கி வைத்தாள். "பொட்டப் புள்ளக்கி என்னாத்துக்கு வண்டி, காலு சும்மா இருக்காது" என்று வண்டியை சேகர் பக்கம் நகர்த்தி, அவன் வாயிலிருந்த குழவியைப் பிடுங்கி வசந்தி மடியில் போட்டாள். அப்படி அக்கா அடுக்கி வைத்ததைத்தான் சாயங்காலம் வந்து நீங்கள் பார்த்தீர்கள்.

அன்றைக்கே சொன்னேன். சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றினீர்கள். "பாதியக் கழிச்சா என்னா மிச்சம் மாப்ளே? வசந்தி வண்டிய ஒரு தடவை தொட்டிருப்பா, அவ்வளவுதானே?" என்றீர்கள். அக்காவைக் கேட்டால், வேலைக்கு நடுவில் யார் எதைத் தள்ளினது என்றெல்லாம் அவளுக்கு நினைவில்லையாம். சாட்சி சொல்ல ஒரு நாதி இல்லை.

பிறகும் நான் விட்டேனா? ஒரு விடியற்காலை உங்களை ஐஸ் வண்டியில் முன்சீட்டில் ஏற்றிப் பட்டினச்சேரிக்கு அழைத்துப் போனேன். பெண்ணுக்குப் பேரம் பேசும் துணிச்சல் பிறப்பிலேயே கிடையாது, அதனால்தான் நெடுங்காட்டில் நெல் விற்கப் பெண்கள் வருவதில்லை என்று முதல் நாள்தான் சொல்லியிருந்தீர்கள். கரையில் மீன் ஏலம். சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் பெண்கள். என் ஐஸ் உருகிவிட்டது என்று ஒரு அம்மா என் சட்டையைப் பிடிக்காத குறை. அவளுடைய புருஷன் கொஞ்சம் தள்ளி வலையைப் பிரித்துக்கொண்டு இருந்தவன், வந்து டீக்குக் காசு கேட்டான். சுருக்குப் பையைத் திறந்து கொடுத்தாள். நீங்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "என்னா வாத்தியாரே, மீனு பாக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்று அவள் கேட்டதும் கடற்கரையே சிரித்தது. நாகூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

சரி, மனிதர் திருந்திவிடுவார் என்று வண்டியைத் திருப்பினேன். திருமலைராயன்பட்டினம் தாண்டியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டீர்கள். அப்புறம் மெதுவாகச் சொன்னீர்கள், "அது சூழ்நிலை மாப்ளே. கடல்ல போன ஆம்பள வரதுக்குள்ள மீனு கெட்டுப்போயிடும், அதனால பொம்பள விக்கிறா."

"அப்ப நெடுங்காட்டுல?"

"அது மரபணு."

வண்டியை நிறுத்தி உங்களை இறக்கிவிட்டிருக்க வேண்டும். அக்கா முகத்துக்காக விட்டேன்.

இவ்வளவும் வாய்ச்சண்டை, இதனால் யார் குடியும் கெடவில்லை. கெட இருந்தது பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடித்தபோது. வசந்திக்குக் கணக்கு என்றால் உயிர். என் வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, வெயில் இவ்வளவு, உமி இவ்வளவு போட்டால், பட்டினச்சேரி போய்ச் சேரும்போது எவ்வளவு ஐஸ் மிஞ்சும் என்று சொல்லுவாள். சொன்ன மாதிரியே மிஞ்சும். கப்பல் கம்பெனிக்காரன் கேட்டால் கொத்திக்கொண்டு போயிருப்பான். சேகருக்கோ கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் காய்ச்சல் வந்துவிடும். மதிப்பெண் வந்தபோதும் அப்படித்தான் வந்தது. அவளுக்கு மேலே, அவனுக்குக் கீழே.

நீங்கள் என்ன செய்தீர்கள்? சேகருக்குக் கணக்கு குரூப், வசந்திக்கு மனையியல் என்று முடிவு கட்டினீர்கள். அவள் மதிப்பெண் எப்படி வந்தது என்று கேட்டால், பெண் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள் என்றீர்கள். கணக்கை எப்படி அத்தான் மனப்பாடம் செய்வது? ஆணுக்கு மூளை மெதுவாகத்தான் முதிரும், சேகருக்கு உள்ளே இருக்கிறது, இனிமேல் வரும் என்றீர்கள். மதிப்பெண் அவளிடம், திறமை அவனிடம். இந்த நியாயத்தை நான் எங்குமே கேட்டதில்லை. ஐஸ் கணக்கைச் சொன்னேன். பாதியைக் கழித்தீர்கள்.

மனையியலில் போட்டால் அதன் பிறகு கணக்குப் பக்கம் அவள் திரும்பவே முடியாது. அது அவளுக்குத் தெரியும். சாப்பிடாமல் கிடக்கவில்லை, அழவில்லை. உங்கள் மகள் அல்லவா, யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் சொல்லியாக வேண்டும். நான் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன், ஆளுயர மீன். நீங்கள் சாய்வு நாற்காலியில். வசந்தி நாட்காட்டிக்குக் கீழே போனாள், இரண்டு சரத்தையும் ஆணியிலிருந்து எடுத்தாள், உங்கள் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, இதுல கணக்கு எந்த மணியில இருக்கு?"

நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"சேகர்கிட்ட இருக்கு, எங்கிட்ட இல்ல, அது பச்சைதான். இதுல எந்த மணின்னு தொட்டுக் காட்டுங்க. நான் மனையியலே படிக்கிறேன்."

அன்றைக்கு உங்களைப் பார்த்த மாதிரி என்றைக்கும் நான் பார்த்ததில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் குட்டைச் சரத்தைக் கையில் வாங்கினீர்கள். ஒவ்வொரு மணியாக விரலால் நகர்த்தினீர்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒரு மணியைத் தொட்டுக் காட்டியிருக்கலாம். நானாக இருந்தால் மூன்று மணியைக் காட்டியிருப்பேன். தெரியாததைத் தெரியும் என்று வகுப்பில் ஒருநாளும் சொல்லாதவர் நீங்கள். அது ஒன்றுதான் உங்களிடம் எனக்குப் பிடித்தது, அதுவும் அன்றைக்குத்தான் பிடித்தது.

"அது இன்னும் கண்டுபுடிக்கலம்மா" என்றீர்கள்.

"அப்ப கண்டுபுடிக்கிற வரைக்கும் படிக்கிறேன். கண்டுபுடிச்சதும் சொல்லுங்கப்பா, நிறுத்திக்கிறேன்."

பின்னால் நின்ற சேகர் மெல்லச் சொன்னான், "அது எங்க இருந்தாலும் எங்கிட்ட இல்லப்பா. அது எனக்கு நல்லாத் தெரியும்." அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மீனைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டேன், சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரிப்புதான், வேறொன்றுமில்லை. மறுநாள் வசந்தி கணக்கு குரூப்பிலும் சேகர் வணிகவியலிலும் சேர்ந்தார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு பரீட்சை முடிவுக்கும் அவள் வந்து, "மணி கெடச்சுதாப்பா?" என்பாள். "இன்னும் இல்ல, நீ படி" என்பீர்கள். கணக்கில் பட்டம் வாங்கிய அன்றைக்கும் கேட்டாள். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கெடச்சாலும் இனிமே ஒங்கிட்ட சொல்றதா இல்ல" என்றீர்கள். அவள் உங்கள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். போகட்டும், மனிதர் தோற்றுவிட்டார் என்று நானும் இரக்கப்பட்டேன்.

தப்பு. அன்று சாயங்காலமே வாசலில் நிறுத்தி என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். அப்பனுடைய எக்ஸ் மகளுக்குத்தான் போகுமாம், மகனுக்குப் போகாதாம். ஆகவே வசந்தியின் கணக்கு உங்களுடைய எக்ஸ். மகனுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டும்தானாம். ஆகவே சேகர் கணக்கில் விழுந்தது எங்கள் வீட்டு எக்ஸ். பெண்ணுக்குக் கணக்கு வராது என்று காலமெல்லாம் சொன்னவர், வந்ததும் அதற்குப் பட்டா போட்டுக்கொண்டீர்கள். எங்கள் வம்சத்துக்குக் காய்ச்சல் மட்டும் மிச்சம்.

இதற்குப் பதில் எனக்கு எப்போது தெரிந்தது தெரியுமா? நீங்கள் போன பிறகு. நெடுங்காட்டுப் பள்ளியில் கணக்கு டீச்சராகிவிட்ட வசந்தியிடம் ஒருநாள் இதைச் சொல்லிப் புலம்பினேன். "என்னா மாமா நீங்க, எனக்குத்தான் ரெண்டு எக்ஸ் ஆச்சே. ஒண்ணு அப்பாவோடது, இன்னொண்ணு அம்மாவோடதுதானே" என்றாள். அந்தப் பாதி எங்களுடையது! கேட்ட மாத்திரத்தில் எழுந்து ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினேன், உங்களிடம் சண்டைக்கு வருவதற்கு. இரண்டாவது பொத்தான் போடும்போதுதான் ஞாபகம் வந்தது. மாட்டின சட்டையைக் கழற்றவும் பிடிக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்த கடைசி நாட்களில் ஊர்ப்பட்ட கதை சொன்னேன். ஒரு சுறா என் ஐஸ் வண்டியில் ஏறிக்கொண்ட கதையைக்கூடச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். அக்கா வெந்நீர் வாங்கப் போன சமயம் பார்த்துக் கேட்டீர்கள்.

"மாப்ளே, அந்த வண்டி விஷயம் நெசந்தானா?"

எந்த வண்டி என்று நான் கேட்கவில்லை. "நெசம் அத்தான்" என்றேன்.

"வசந்தி தள்ளுனாளா?"

"இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடிக்கு. செவுத்துல முட்டி விழுந்தா. எந்திரிச்சு மறுபடி தள்ளுனா."

"எவ்வளவு கழிச்சுக்கணும்?"

"ஒண்ணும் கழிக்க வேணாம்."

"நான் வீட்ல இருந்திருக்கணும்" என்றீர்கள். அவ்வளவுதான். அக்கா வெந்நீரோடு வந்துவிட்டாள்.

அந்தப் பாசிமணிச் சரங்கள் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. பச்சையில் நூல் இற்று இரண்டு மணி எங்கோ உருண்டுவிட்டது. கணக்கு அதிலேதான் இருந்திருக்கும், இனி எவன் கண்டுபிடிப்பான்? ஞாயிற்றுக்கிழமை காது குத்தி முடித்து, சேகர் அழுது முடித்ததும், குழந்தையைக் கூடத்தில் விடுவோம். வண்டி ஒரு பக்கம் நிற்கும். போலகத்திலிருந்து சம்பந்தி வீட்டார் மரச்செப்பு கொண்டுவருகிறார்களாம், அது ஒரு பக்கம் இருக்கும். எதையும் யார் கையிலும் திணிக்கக் கூடாது என்று எல்லோரையும் மிரட்டி வைத்திருக்கிறேன். அவள் எதைத் தொட்டாலும் தொடட்டும். இந்த முறை நான் சுவரோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணால் பார்ப்பதோடு சரி.

ஒரு கஷ்டம்தான் அத்தான். நான் என்ன சொன்னாலும் பாதி கழிப்பதற்கு நீங்கள் இல்லை. சேகர் அப்படியே நம்பிவிடுகிறான், வசந்தி சிரித்துவிட்டுப் போய்விடுகிறாள். ஆகவே இப்போதெல்லாம் வாயைத் திறக்கும் முன் நானே கழித்துக்கொள்கிறேன். இந்த மடலில்கூடப் பல இடத்தில் கழித்துத்தான் எழுதியிருக்கிறேன். ஆசாரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் வந்தார் என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள், முன்பெல்லாம் அவரைக் காரைக்கால் வரைக்கும் கூட்டிவருவேன். மீன் ஆளுயரம்தான் என்று விட்டுவிட்டேன். சுறாவைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை.

வண்டியை வசந்தி தள்ளியதில் மட்டும் கழிக்கவில்லை.